பிள்ளையார் உண்டார், பேரன் உண்ணவில்லை

திருநாரையூர்ப் பொள்ளாப் பிள்ளையார் சந்நிதியில் நின்று அழுத சிறுவனை அறியாத அடியார் இரார். கோயில் பூசை செய்யும் தந்தை வெளியூர் செல்ல நேர்ந்த நாளில், மகன் நம்பி நைவேத்தியத்தைச் சுமந்து சென்றான். திருமுன் அமுதை வைத்தான், உண்ணுமாறு வேண்டினான், காத்திருந்தான். வைத்தது வைத்தபடியே இருந்தது. தான் செய்த பிழை யாதோ என்று கலங்கித் தலையைக் கல்லில் மோதிக்கொள்ள முற்பட்டபோது, பிள்ளையார் தடுத்து ஆட்கொண்டு அமுதை உண்டருளினார் என்பது வரலாறு. அச்சிறுவனே பின்னாளில் நம்பியாண்டார் நம்பியாகி, தில்லையில் பூட்டிக் கிடந்த தேவாரச் சுவடிகள் வெளிப்படக் காரணமானார்.

அந்தத் தில்லையில், தேரோடும் நான்கு வீதிகளுள் ஒன்றில் ஒரு பாட்டி வாழ்கிறார். இவ்வரலாற்றைச் சொற்பொழிவில் எத்தனை முறை கேட்டாலும் அவர் கண் கலங்கும். கடந்த ஆண்டு அக்கலக்கத்துக்கு வேறொரு காரணமும் சேர்ந்துகொண்டது. பிள்ளையார் உண்டுவிட்டார், அவருடைய பேரன் உண்ணவில்லை.

பேரனுக்கு அப்போது வயது 2 ஆண்டும் 3 மாதமும். மகனும் மருமகளும் பணிக்குச் செல்பவர்கள். காலை முதல் விளக்கேற்றும் நேரம் வரை குழந்தை பாட்டியின் பொறுப்பு. ஒரு வயது வரை பருப்புச் சோறும் கேழ்வரகுக் கூழும் மறுக்காமல் உண்டவன், பிறகு ஒவ்வொன்றாக விலக்கத் தொடங்கினான். பச்சை நிறம் கண்ணில் பட்டால் வாய் மூடிவிடும். ரசச் சோற்றில் ஒரு கடுகு அகப்பட்டால் கவளம் முழுவதும் வெளியே வந்துவிடும். நேற்று விரும்பி உண்ட இட்லியை இன்று கண்டால் அழுகை. கடைசியில் எஞ்சியவை நான்கு வாய்த் தயிர்ச்சோறு, அப்பளம், ஒரே ஒரு வகைப் பிஸ்கட், பால் ஆகியவை மட்டுமே.

அந்த நான்கு வாய்ச் சோற்றுக்கு ஒரு மணி நேரம் ஆகும். பாட்டி கிண்ணத்தை ஒரு கையிலும் குழந்தையை இடுப்பிலுமாக ஏந்திக்கொண்டு திண்ணைக்கு வருவார். அங்கிருந்து தெருமுனை, அங்கிருந்து தேரடி. காக்கைக்கு ஒரு வாய், கோபுரத்துப் புறாவுக்கு ஒரு வாய், போகிற ஆட்டோவுக்கு ஒரு வாய் என்று சொல்லிச் சொல்லி ஊட்டுவார். சுவாமி புறப்பாட்டுக்கு நாள் நட்சத்திரம் உண்டு. இந்தப் புறப்பாடு நாளுக்கு மூன்று வேளை. மழைக்காலத்தில் அலைபேசி வந்து சேர்ந்தது. அதில் பாட்டு ஓடினால் வாய் திறக்கும், நின்றால் மூடிக்கொள்ளும். என்ன உண்கிறோம் என்பதே அறியாமல் ஒரு குழந்தை உண்பது உணவாகுமா என்று எவரும் கேட்கவில்லை. கிண்ணம் காலியானால் போதும் என்றிருந்தது.

ஒரு வயதுக்குப் பின் குழந்தைகள் உணவைக் குறைத்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. பிறந்தபோது 3 கிலோ இருக்கும் குழந்தை முதலாண்டு நிறைவில் ஏறத்தாழ 9 கிலோ ஆகிறது, மும்மடங்கு. இரண்டாம் ஆண்டிலோ 2 அல்லது 2.5 கிலோ மட்டுமே கூடுகிறது. வளர்ச்சியின் வேகம் தணியும்போது பசியும் தணிகிறது. அதனோடு, நடக்கக் கற்ற அதே பருவத்தில் புதிய உணவைக் கண்டு அஞ்சும் இயல்பும் தலைதூக்குகிறது. இது இக்காலத்துக் குழந்தைகளின் பிடிவாதம் என்று பெரியவர்கள் கூறுவதுண்டு. பெரியாழ்வார் யசோதையாகவே மாறி, உண்ணாமல் கிடந்த கண்ணனைப் பாலுண்ண வருமாறு கெஞ்சி ஒரு திருமொழி முழுவதும் பாடியிருக்கிறார். உண்ணாத பிள்ளையும் கெஞ்சும் தாயும் அன்றே இருந்தனர்.

தில்லைப் பாட்டிக்கு இவை ஒன்றும் அப்போது தெரியா. திருஷ்டி கழித்தார். உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டார். அண்டை வீட்டார் தொக்கம் எடுக்கச் சொன்னார்கள். உண்ட உணவு குடலில் ஒட்டிக்கொண்டிருக்கிறதாம், குழல் வைத்து ஊதி எடுத்துவிடுவார்களாம். மருமகள் உடன்படவில்லை. அவள் மறுத்தது நன்று. குழந்தையின் வயிற்றில் நாட்கணக்கில் சோறு ஒட்டிக்கொண்டிருப்பதும் இல்லை, அதை வாய்வழியே ஊதி எடுப்பதும் இல்லை. ஆனால் அதை அவள் சொன்ன குரலில் சற்றே கடுமை இருந்தது.

"நீங்கள் ஊட்டுகிற விதம்தான் சரியில்லை, அத்தை" என்றாள்.

"அப்படியானால் நாளைக்கு நீ வீட்டில் இருந்து ஊட்டிப் பாரம்மா" என்றார் பாட்டி.

அதன் பிறகு மூன்று நாள் இருவரும் உப்பு, புளி பற்றி மட்டுமே பேசிக்கொண்டனர்.

சோறு இறங்காத நாட்களில் பாட்டிக்கு ஒரு துணை இருந்தது. பால். காலையில் எழுந்ததும் ஒரு புட்டி. இட்லியைத் துப்பினால் ஒரு புட்டி. மதியம் உறங்குமுன், மாலையில், இரவில். நடு இரவில் சிணுங்கினால் மருமகளும் ஒரு புட்டி கலந்து கொடுப்பாள். பாட்டி பிறந்த வீட்டில் அவரோடு உடன்பிறந்தோர் அறுவர். பால் என்பது தகப்பனாரின் காப்பிக்கும் காய்ச்சல் கண்ட குழந்தைக்கும் மட்டுமே உரியது. அன்று ஏங்கிய ஒரு பொருளைப் பேரனுக்குக் கேட்டபோதெல்லாம் கொடுக்க முடிந்ததில் அவருக்கு ஒரு நிறைவு இருந்தது. சீகாழிக் குளக்கரையில் அழுத பிள்ளைக்கு அம்மை ஞானப்பால் ஊட்டிய கதையைச் சொல்லிக்கொண்டே புட்டியை நீட்டுவார்.

பிறகு குழந்தை மண் தின்னத் தொடங்கினான். கொல்லைப்புறத்தில் துளசி மாடத்தருகே அமர்ந்து விரலால் தொட்டுத் தொட்டு நாவில் வைப்பான். சுவரில் உதிரும் சுண்ணாம்பைச் சுரண்டுவான். பாட்டி ஓடிவந்து, "வாயைத் திற, உள்ளே உலகம் தெரிகிறதா பார்ப்போம்" என்பார். வீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம், "எங்கள் வீட்டிலும் ஒரு கண்ணன்" என்று கூறி மகிழ்ந்தார். கேட்டவர்களும் மகிழ்ந்தனர்.

தடுப்பூசிக்காகச் சென்றபோதுதான் குழந்தை நல மருத்துவர் அவன் கீழ் இமையை விலக்கிப் பார்த்தார். உள்ளங்கையை விரித்துத் தம் கையோடு சேர்த்து வைத்துப் பார்த்தார்.

"இவன் மண், சுண்ணாம்பு ஏதேனும் தின்கிறானா அம்மா?"

"ஆமாம் டாக்டர், சாட்சாத் கிருஷ்ணன்தான்" என்றார் பாட்டி.

மருத்துவர் சிரிக்கவில்லை. இரத்தத்தைச் சோதிக்க எழுதிக் கொடுத்தார். இவ்வயதில் 11 கிராமுக்குக் குறையாதிருக்க வேண்டிய ஹீமோகுளோபின் 8.2 ஆக இருந்தது. எடை 11 கிலோ. அதில் குறை சொல்வதற்கில்லை. பாட்டி அஞ்சியது குழந்தை மெலிந்துவிடுவானோ என்று, மெலிந்திருந்ததோ இரத்தம். நாளொன்றுக்கு எத்தனை புட்டிப் பால் என்று மருத்துவர் கேட்டு ஒவ்வொன்றாகக் கூட்டினார். ஒரு லிட்டரைத் தாண்டியது.

பசும்பாலில் சுண்ணாம்புச் சத்து மிகுதி. இரும்புச் சத்தோ மிகமிகக் குறைவு. பிற உணவில் உள்ள இரும்பை உடல் ஏற்பதையும் மிகுதியான பால் தடுக்கிறது. வயிறு பாலால் நிறைந்திருப்பதால் சோற்றுக்குப் பசி எழுவதில்லை. சோறு இறங்காததால் மேலும் பால்; பால் மிகுவதால் இரும்புக் குறைவு; இரும்பு குறைந்தால் உள்ள பசியும் மந்தமாகிறது. இரும்புச் சத்துக் குறைந்த குழந்தைகளுள் பலர் மண்ணையும் சுண்ணாம்பையும் தேடித் தின்பர் என்று மருத்துவர் விளக்கினார். பாலைப் பகையாக எண்ண வேண்டியதில்லை, நாளொன்றுக்கு அரை லிட்டருக்கு மேல் போகலாகாது, புட்டியை விட்டு டம்ளரில் கொடுக்க வேண்டும் என்றார். குடற்புழுவுக்கு ஒரு வேளை மருந்தும், மூன்று மாதத்துக்கு இரும்புச் சத்து மருந்தும் எழுதினார். அம்மருந்தைப் பாலோடு சேர்த்துக் கொடுக்கலாகாது, மலம் கறுத்துப் போனால் அஞ்ச வேண்டியதில்லை என்பதையும் சொல்லி அனுப்பினார்.

ஆட்டோவில் வரும்போது பாட்டி பேசவில்லை. தெற்கு வீதி திரும்பும்போது மட்டும், "நான்தான் குழந்தையைக் கெடுத்துவிட்டேனா?" என்றார். மருமகள் உடனே பதில் சொல்லவில்லை. வீடு வந்து இறங்கிய பிறகு, "இரவுப் புட்டி நான் கொடுத்ததுதானே அத்தை" என்றாள். அந்த ஒரு சொல்லால் அவ்வீட்டில் பாதி நோய் தீர்ந்தது என்று கூறினும் தகும்.

மருத்துவர் மற்றொன்றும் கூறியிருந்தார். எதை உண்ணத் தருவது, எப்போது தருவது, எங்கே அமர்த்தித் தருவது ஆகிய மூன்றும் பெரியவர்களின் பொறுப்பு. உண்பதா வேண்டாவா, எவ்வளவு உண்பது ஆகிய இரண்டும் குழந்தையின் பொறுப்பு. அமெரிக்கச் சத்துணவு வல்லுநர் எல்லின் சாட்டர் வகுத்த முறை இது. இன்று பல நாடுகளிலும் மருத்துவர்கள் இதனைப் பெற்றோருக்குக் கூறுகின்றனர். பாட்டிக்கு இது பிடிபடவில்லை. வைத்துவிட்டுச் சும்மா இருப்பதா? பிள்ளை பட்டினி கிடந்தால்?

அன்று மாலை வழக்கம்போல் தாத்தா பூசையில் அமர்ந்தார். இலையில் அன்னம் வைத்தார். நீரைச் சுற்றி விட்டு, மணி அடித்து, கண்ணை மூடினார். சற்றுப் பொறுத்து இலையை எடுத்து அடுக்களைக்குக் கொடுத்தார். ஐம்பது ஆண்டாக அந்த இலையை வாங்கி வைக்கும் பாட்டி அன்று அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றுவிட்டார். கோயிலிலும் இதே முறைதானே. தளிகை வரும், திரை விழும், சற்று நேரத்தில் திரை விலகும். ஏன் குறைத்து உண்டாய் என்று சுவாமியை எவரும் கேட்பதில்லை. நாளை வைப்பதை நிறுத்திவிடுவதும் இல்லை.

மறுநாள் காலை மருமகளிடம், "அவனுக்கும் அப்படியே வைத்துவிடுவோம்" என்றார். எப்படி என்று அவளுக்கு விளங்கவில்லை. ஆனாலும் சரி என்றாள்.

கூடத்தில் தாத்தாவின் இலைக்குப் பக்கத்தில் ஒரு சிறு தட்டு வைக்கப்பட்டது. அதில் அவன் உண்ணும் தயிர்ச்சோறு சிறிது, அவன் உண்ணாத பொருள் ஒன்று கட்டைவிரல் அளவு. கெஞ்சலும் இல்லை, காக்கையும் இல்லை, அலைபேசியும் இல்லை. இருபது நிமிடம் கழிந்ததும் தட்டு முகச்சுளிப்பின்றி எடுக்கப்படும். அடுத்த உணவு நேரம் வரை தண்ணீர் மட்டும்.

முதல் நாள் குழந்தை தட்டைத் தள்ளிவிட்டான். இரண்டாம் நாள் பாலுக்காக அழுத அழுகையில் அடுத்த வீட்டார் எட்டிப் பார்த்தனர். பாட்டி கொல்லைப்புறம் சென்று துளசி மாடத்தருகே முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். இம்முறையில் கடினமான இடம் இதுவே. வயிறு காலியாயிருக்கும் பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருப்பது, பஞ்சத்தை நேரில் கண்ட தலைமுறைக்கு எளிதன்று. வைவதிலும் கெஞ்சுவதிலும் உள்ள ஆறுதல் சும்மா இருப்பதில் இல்லை. மூன்றாம் நாள் பகலில் பாட்டி மனம் தாளாமல் ஒரு புட்டிப் பாலைக் கலந்து கொடுத்தே விட்டார். அன்று மருமகள் முன்னதாக வந்துவிட்டாள்; கழுவிக் கவிழ்த்திருந்த புட்டியைப் பார்த்தாள். "நாளையிலிருந்து தொடங்கிக்கொள்ளலாம், அத்தை" என்றாள். புட்டியை எடுத்துப் பரணில் போட்டவர் பாட்டியேதான்.

ஐந்தாம் நாள் குழந்தை தயிர்ச்சோற்றைத் தன் கையாலேயே அள்ளினான். வாய்க்குள் போனது கொஞ்சம். மேனியில் அப்பிக்கொண்டது மிகுதி. பாண்டியன் அறிவுடைநம்பி புறநானூற்றில் நெய்ச்சோற்றை உடலெங்கும் பூசிக்கொள்ளும் குழந்தையைப் பாடினான். அரண்மனையிலும் தரையைத் துடைக்க ஆள் வேண்டியிருந்திருக்கும். பாட்டி பழைய வேட்டி ஒன்றை விரித்து வைத்தார்.

மஞ்சள் பூசணி பத்து நாளுக்கு மேல் தட்டின் ஓரத்தில் சும்மா இருந்தது. புதிய உணவு ஒன்றைக் குழந்தை ஏற்க அதனை எட்டு முறை முதல் பதினைந்து முறை வரையேனும் அதன் கண்முன் வைக்க வேண்டியிருக்கும் என்பது ஆராய்ச்சியாளர் கண்டது. பெரும்பாலான வீடுகளில் மூன்றாம் முறையோடு "இவனுக்கு இது பிடிக்காது" என்று தீர்ப்பு எழுதப்பட்டுவிடுகிறது. அதுவும் குழந்தையின் காதுபடவே. அவன் பூசணியைத் தொட்டான், நக்கினான், துப்பினான். மறுநாள் தாத்தாவின் இலையிலிருந்த பூசணித் துண்டு ஒன்றைத் திருடித் தின்றான். தன் தட்டில் உள்ளது வேண்டாம், தாத்தாவின் இலையில் உள்ளது வேண்டும். அன்றுமுதல் தாத்தா இரண்டு துண்டு கூடுதலாகப் போட்டுக்கொள்ளச் சொன்னார்.

கோயிலிலும் அப்படியே. ஒருநாள் பிரசாதப் பொங்கலைப் பலரும் அமர்ந்து உண்பதைப் பார்த்துக்கொண்டிருந்தவன், பாட்டியின் கையிலிருந்த தொன்னைக்குள் விரலை விட்டான். வீட்டுப் பொங்கலில் மிளகு இருந்தால் துப்புகிறவன் அதை மிளகோடு விழுங்கினான். பிறர் உண்பதைப் பார்த்து உண்பது குழந்தைகளின் இயல்பு. தனியே அமர்த்தி ஊட்டும்போது அந்த வாய்ப்பு அவர்களுக்குக் கிடைப்பதில்லை.

பிரசாதம் என்றதும் ஒன்று கூற வேண்டியிருக்கிறது. சுண்டலை முழுக்கடலையாகச் சிறு குழந்தைகளுக்குத் தரலாகாது. கடலை மூச்சுக்குழாயில் சிக்கி உயிருக்கே ஆபத்தாவதுண்டு. ஐந்து வயது வரை மசித்தே தர வேண்டும். ஓடும்போதும் சிரிக்கும்போதும் வாயில் திணிக்கலாகாது. தேன் கலந்த பஞ்சாமிர்தத்தை ஒரு வயது நிறையாத குழந்தையின் நாவில் தடவும் வழக்கமும் நல்லதன்று.

இரும்புச் சத்துக்கென்று பாட்டி தம் சமையலை அதிகம் மாற்றவில்லை. கம்பு, பாசிப்பயறு, முருங்கைக்கீரை ஆகியவை அடிக்கடி இடம்பெற்றன. கீரை பருப்பில் கடைந்து ஒளிந்து வந்தது. மேலே எலுமிச்சைச் சாறு இரண்டு சொட்டு, அல்லது உணவுக்குப்பின் ஒரு கொய்யாத் துண்டு. புளிப்பில் உள்ள சத்து இரும்பை உடலில் சேர்க்கும். தாத்தாவின் காப்பியில் விரல் நனைத்துச் சுவைக்கும் வழக்கம் நின்றது. அது தாத்தாவுக்குத்தான் வருத்தம்.

எல்லாக் குழந்தைக்கும் இவ்வளவில் சரியாகிவிடும் என்றும் எண்ணற்க. எடை மாதக்கணக்கில் நின்றாலோ குறைந்தாலோ, விழுங்கும்போதெல்லாம் இருமலும் குமட்டலும் வந்தாலோ, கூழ் தவிர எதையும் மெல்ல இயலாதிருந்தாலோ, பேச்சும் பார்வையும் வயதுக்கு ஏற்றபடி இல்லையெனத் தோன்றினாலோ வீட்டு வைத்தியத்தில் காலம் கழிக்காமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். மண் தின்பதையும் அவ்வரிசையில் சேர்க்க வேண்டும். கண்ணன் தின்ற மண் வேறு.

மூன்று மாதம் கழித்துச் சோதித்தபோது 11.3 இருந்தது. மண்ணும் சுண்ணாம்பும் அதற்கு முன்பே மறந்து போயின. கத்தரிக்காயை இன்றும் தொடுவதில்லை. பிஸ்கட் டப்பா பரணில் இருக்கிறது. அதை எட்டிப் பார்க்கும் வித்தையை அவன் கற்றுவருகிறான். நோய்க் காலங்களில் மீண்டும் பாலுக்கே திரும்புகிறான். காய்ச்சல் விட்டதும் தட்டு பழைய இடத்துக்கு வருகிறது.

விநாயக சதுர்த்தியன்று பூசை முடிந்து அனைவரும் கூடத்தில் இருந்தபோது, பூசையறையிலிருந்து "சாப்பிடு, சாப்பிடு" என்ற குரல் கேட்டது. பாட்டி எட்டிப் பார்த்தார். பேரன் ஒரு கொழுக்கட்டையை மண் பிள்ளையாரின் துதிக்கையில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தான். துதிக்கையெல்லாம் மாவு.

"திணிக்காதே கண்ணு. முன்னாலே வைத்துவிட்டு வா" என்றார் பாட்டி.

அவன் வைத்தான். சற்று நேரம் பிள்ளையாரையே பார்த்துக்கொண்டு அமர்ந்திருந்தான். பிறகு கொழுக்கட்டையை எடுத்துப் பிட்டுத் தானே தின்றுவிட்டான். தின்றது பூரணத்தை மட்டும். மேல்மாவு பிள்ளையார் முன்னாலேயே கிடந்தது.